திரை காட்டும் அழகும் வளரும் பிள்ளைகளும்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பழக்கவழக்கங்களைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர்கள் தங்கள் உடலைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை கண்ணாடியின் முன் சற்று அதிக நேரம் நின்றால், "என்ன அங்கே அலங்காரம்?" என்று அதட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை அலங்காரம் செய்துகொண்டிருந்ததா, தன்னிடம் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்ததா என்று நாம் கேட்பதில்லை. அந்தக் குறைகளை அதற்கு எடுத்துச் சொன்னவர் யார் என்றும் கேட்பதில்லை. இன்றைய உரையில் அதைப் பற்றித்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

உளநூலார் ஒரு கருத்தைக் கூறுவர். ஒவ்வொருவர் மனத்திலும் தம் உடலைப் பற்றிய ஒரு படம் இருக்கிறது. அது கண்ணாடியில் தெரியும் உருவத்தின் நேர்ப்படி அன்று. பிறர் சொன்ன சொற்கள், பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்த்த பார்வை, அன்றாடம் கண்ணில் படும் படங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து தீட்டிய ஓவியம் அது. அதனால்தான் வயதுக்கேற்ற உடற்கட்டுள்ள பெண் ஒருத்தி, தான் மிகவும் பருமன் என்று நம்புகிறாள். ஓடியாடி விளையாடும் பையன் ஒருவன், தன் கைகள் குச்சி போல் இருப்பதாக எண்ணி முழுக்கைச் சட்டையைத் தேடுகிறான். இந்த மனப்படம் பெரிதும் உருப்பெறுவது பத்து வயது தொடங்கி இருபது வயது வரையுள்ள காலத்தில்தான்.

இப்படம் எவ்வாறு உருவாகிறது? 1954ஆம் ஆண்டில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இதைப் பற்றி எழுதினார். தம்மை அளந்து பார்க்கத் திட்டமான அளவுகோல் இல்லாதபோது, மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை அளந்துகொள்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். கணக்கில் விடை சரியா தவறா என்பதைப் பாடநூல் சொல்லிவிடும். "நான் பார்க்க நன்றாக இருக்கிறேனா?" என்ற கேள்விக்கு விடைப்பட்டியல் எந்த நூலிலும் இல்லை. ஆகவே பிள்ளை தன் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறது. இது இயற்கை. இதில் தவறு ஏதும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

முன்பு பக்கத்தில் இருந்தவர்கள் அக்காள், அத்தை மகள், அடுத்த வீட்டுப் பையன், கோயில் திருவிழாவில் காணும் உறவுக்காரர்கள். அவர்களுள் உயரமானவரும் இருந்தனர், குட்டையானவரும் இருந்தனர். பருமன், மெலிவு, கறுப்பு, மாநிறம், சுருட்டை முடி, நேர்முடி என எல்லா வகையும் கலந்திருந்தன. அந்த வரிசையில் நின்று பார்த்த பிள்ளைக்குத் தனக்கும் அதில் ஓர் இடம் இருப்பது தெரிந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய நாள்கள் நினைவிருக்கும். திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டி, எப்போதாவது ஒரு நாள் இரவு படம் காட்டுவார்கள். பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த நாயகனும் நாயகியும் அன்றிரவு கனவில் வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால் அங்கே நிற்பவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். பிறகு 1963ஆம் ஆண்டில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி வந்தது. வண்ண ஒளிபரப்பு சிங்கப்பூரில் 1974இலும் மலேசியாவில் 1978இலும் தொடங்கியது. 1980களில் வீடியோ நாடா வீடுவீடாகச் சுற்றியது. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு வந்தது. இன்று கைப்பேசி. அன்று எப்போதாவது ஒருமுறை பார்த்த முகங்களை இன்று பிள்ளைகள் ஒரு நாளில் நூறு முறை பார்க்கிறார்கள். படுக்கையிலும் பார்க்கிறார்கள், பேருந்திலும் பார்க்கிறார்கள். அக்காளையும் அத்தை மகளையும் பார்க்கும் நேரத்தைவிட அந்த முகங்களைப் பார்க்கும் நேரமே அதிகமாகிவிட்டது.

அந்த முகங்களோ இயற்கையில் உள்ளபடியான முகங்கள் அல்ல. படப்பிடிப்பில் ஒப்பனைக் கலைஞர் இருக்கிறார். விளக்குகளை எங்கே வைப்பது என்பதை அறிந்த ஒளிப்பதிவாளர் இருக்கிறார். எடுத்த நூறு படங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதையும் கணினியில் திருத்தி, இடையைக் குறுக்கி, தோலில் உள்ள தழும்பை அழித்த பின்னரே அச்சுக்கு அனுப்புகிறார்கள். முன்பு நிபுணர்கள் மட்டுமே செய்த இந்த வேலையை இன்று கைப்பேசியில் உள்ள 'பில்டர்' ஒரு நொடியில் செய்துவிடுகிறது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பிள்ளை திருத்திய தன் படத்தைத் திரையில் பார்க்கிறது. திருத்தாத தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறது. நடிகையோடு மட்டுமன்றித் தன்னுடைய பொய் முகத்தோடும் தன் மெய் முகத்தை ஒப்பிட்டுத் தோற்றுப்போகிறது.

இவையெல்லாம் வெறும் ஊகந்தானா, சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். சான்று உண்டு. அதற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளுக்குச் செல்லவேண்டும். அந்நாடு தமிழர்களுக்கு முற்றிலும் புதியதன்று. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1903ஆம் ஆண்டு முதல், சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். ஆனால் நாம் சொல்லவரும் செய்தி அத்தீவுகளின் பூர்வகுடி மக்களைப் பற்றியது.

பிஜியின் பூர்வகுடியினர் வாட்டசாட்டமான உடலையே நல்ல உடல் என்று காலங்காலமாகக் கருதி வந்தவர்கள். வீட்டைக் கடந்து செல்பவரைக்கூடச் சாப்பிட வரும்படி அழைப்பது அவர்கள் வழக்கம். பிள்ளை மெலிந்தால் தாய் கவலைப்படுவாள். பசி எடுக்க மூலிகை மருந்து கொடுப்பாள். அந்நாட்டின் நட்ரோகா என்னும் வட்டாரத்திற்கு 1995ஆம் ஆண்டில்தான் தொலைக்காட்சி வந்தது. அப்போது ஹார்வார்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் அங்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சி வந்த சில வாரங்களுக்குள் இடைநிலைப்பள்ளி மாணவிகள் 63 பேரிடம், உணவையும் உடலையும் பற்றி அவர்கள் எண்ணுவதைக் கேட்டுப் பதிவு செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே வயதுடைய மாணவிகள் 65 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டார்.

1995இல் உணவு பற்றிய மனப்போக்கில் கவலைக்குரிய அளவைத் தாண்டியிருந்தவர்கள் 12.7 விழுக்காட்டினர். 1998இல் அவர்கள் 29.2 விழுக்காட்டினர். உடல் எடையைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுத்ததாகக் கூறியவர் முதல் ஆய்வில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் ஆய்வில் 11.3 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். 1998இல் கேட்கப்பட்ட மாணவிகளில் 74 விழுக்காட்டினர், தாம் மிகப் பெரிதாகவோ பருமனாகவோ இருப்பதாகச் சில வேளைகளிலேனும் உணர்வதாகச் சொன்னார்கள். இந்த முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின.

இந்த மாற்றம் முழுவதற்கும் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று நாம் கூறமாட்டோம். அக்காலத்தில் அந்நாட்டில் வேறு மாறுதல்களும் நடந்துகொண்டிருந்தன. ஆய்வில் பங்கெடுத்தவர்களும் சில பத்துப் பேர்தாம். ஆயினும் அந்த மாணவிகள் தங்கள் வாயாலேயே சொன்னதை நாம் தள்ளிவிட முடியாது. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் பெண்களைப் போல் தங்கள் உடலும் ஆகவேண்டும், அப்படி ஆனால் நல்ல வேலையும் நல்ல வாழ்வும் கிடைக்கும் என்று அவர்களுள் பலர் கூறியிருந்தார்கள். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த உடலைப் பற்றி அதன் பெண்மக்கள் வெட்கப்படுவதற்கு மூன்றே ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன.

இவ்வாய்வுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டுகிறோம். அதே ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரு பெண்ணின் வீட்டில் என்ன சாதனம் இருக்கிறது என்பதோடு, அவளுடைய தோழியர் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதும் அவளைப் பாதிப்பதைக் கண்டனர். "எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் கைப்பேசி வாங்கித் தரவில்லை, ஆகவே எங்களுக்குக் கவலை இல்லை" என்று சில பெற்றோர் நம்மிடம் கூறுவதுண்டு. படத்தைப் பார்த்த தோழி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஏன் இவ்வளவு சாப்பிடுகிறாய்?" என்று கேட்டால் போதும். படம் அந்தப் பிள்ளையை வந்து சேர்ந்துவிட்டது.

இனி நம் சமுதாயத்திற்கு வருவோம். நம் பிள்ளைகளுக்குப் பருமனைப் பற்றிய கவலையோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. அது தோலின் நிறம் பற்றிய கவலை.

தோட்டப்பள்ளியில் ஓவியப் பாடத்தின்போது நாம் பல முறை கண்ட காட்சி ஒன்று உண்டு. "உங்களையே வரையுங்கள்" என்று சொல்வோம். உடனே பிள்ளைகள் மெழுகு வண்ணப் பெட்டியில் ஒரு குச்சியைத் தேடுவார்கள். "டீச்சர், தோல் கலர் இல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும். பக்கத்துப் பிள்ளை இரவல் கொடுக்கும். அது என்ன வண்ணம் தெரியுமா? வெளிறிய இளஞ்சிவப்பு. அந்த வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் தோலும் அந்த வண்ணத்தில் இல்லை. பெட்டியில் பழுப்பு நிறக் குச்சி புதிதாகவே இருக்கும். மரத்தின் தண்டுக்கு மட்டும் அதை எடுப்பார்கள். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் தான் விற்ற அத்தகைய ஒரு வண்ணத்திற்கு இட்டிருந்த 'ஃபிளெஷ்', அதாவது 'தசை' என்ற பெயரை 1962ஆம் ஆண்டிலேயே நீக்கி, 'பீச்' என்ற பழத்தின் பெயரை வைத்தது. பெட்டியில் பெயர் மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பிள்ளைகளின் வாயில் அது இன்னும் 'தோல் கலர்'தான். ஏழு வயதுப் பிள்ளை தன் படத்தில் தன் நிறத்தைத் தீட்டத் தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கம் அதற்கு முன்பே எங்கேயோ விதைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இத்தனைக்கும் கறுப்பை இழிவாக எண்ணுவது நம் பழைய மரபன்று. சங்கச் சான்றோர் பெண்ணின் மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறத்தை 'மாமை' என்று பெயரிட்டுப் புகழ்ந்தனர். முல்லை நிலத்துத் தெய்வம் மாயோன், கரிய நிறத்தவன். பேரழகி என்று பாரதக் கதை போற்றும் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்றும் ஒரு பெயர் உண்டு. கறுப்பு நிறத்தவள் என்பதே அதன் பொருள். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. அந்தப் பாட்டியே பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, "பெண் கொஞ்சம் நிறம் கம்மி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் நிலை வந்திருக்கிறது.

இந்த நிலையிலிருந்து ஆதாயம் தேடியவர்கள் இருக்கிறார்கள். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண் வேலைக்குப் போய்த் திரும்பி வருவாள், களிம்பைப் பூசுவாள், சில வாரங்களில் வெளுப்பாள், வேலையும் கிடைக்கும், மாப்பிள்ளையும் கிடைப்பான். இத்தகைய கதைகளைச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் சென்னையில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது கருமையே அழகு என்ற இயக்கம் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்த தோலுடையவர்களை அழகற்றவர்களாகவோ தோல்வியுற்றவர்களாகவோ காட்டக்கூடாது என்று விதி வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரே 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் பேச்சு மாறியதா?

இதில் உயிருக்கே உலைவைக்கும் ஆபத்தும் உண்டு. முறையான பதிவு இல்லாமல் சந்தையிலும் இணையத்திலும் கைமாறும் வெளுப்பூட்டும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைப் பல நாடுகளின் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். சூரியனின் புறவூதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடை அது. பாதரசம் அந்த மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுப்பது போல் தோன்றும். ஆனால் அப்பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கிறது. கருவுற்ற தாய் பூசினால் வயிற்றிலுள்ள குழந்தையையும் தாக்கும். பூசியவர் பயன்படுத்திய துண்டின் வழியாக வீட்டிலுள்ள சிறு குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரக்கூடும்.

ஆகவே, டப்பாவின் மேல் பொருள்களின் பட்டியல் இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி எச்சரிக்கை இருந்தால் அதில் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் அழகுப்பொருளுக்கும் சுகாதார அமைச்சின் தேசிய மருந்தகக் கட்டுப்பாட்டுப் பிரிவு வழங்கும் அறிவிப்பு எண் இருக்கவேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை அப்பிரிவின் இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஏற்கெனவே பூசி வந்த பிள்ளைக்குத் தலைவலி, கைந்நடுக்கம், தோலில் தடிப்பு போன்றவை இருந்தால், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆண்பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணவேண்டா. 1964இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஜிஐ ஜோ' என்னும் போர்வீரன் பொம்மை, தொடக்கத்தில் சாதாரண ஆண்மகனின் உடலோடுதான் இருந்தது. 1990களில் வந்த சில பொம்மைகளின் கைகளும் மார்பும் எந்த உடற்கட்டு வீரரும் அடைய முடியாத அளவுக்கு ஊதிப்போயிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து 1999இல் வெளியிட்டனர். நம் திரைப்படங்களிலும் நாயகன் சட்டையைக் கழற்றும் காட்சி இன்றியமையாததாகிவிட்டது. அந்த ஒரு காட்சிக்காக நடிகர் பல மாதங்கள் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு உடலை உருக்குகிறார் என்பதையும், படப்பிடிப்புக்கு முன் சிலர் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் நம் பையன்கள் அறியமாட்டார்கள். பதினைந்து வயதில் பளுதூக்கும் கூடத்திற்குப் போய், யாரோ கொடுத்த மாத்திரையையும் மாவையும் உட்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் ஆண்மை இயக்குநீரைப் போன்ற ஊக்கமருந்து கலந்திருந்தால், வளரும் எலும்பின் வளர்ச்சியே முன்கூட்டி நின்றுவிடக்கூடும். பெரிய உடலை விரும்பி உட்கொண்ட மருந்து பையனைக் குட்டையாக்கிவிடும்.

இனி, வளரும் உடலின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். பெண்பிள்ளைகள் ஏறக்குறைய பன்னிரண்டு வயதிலும், ஆண்பிள்ளைகள் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த வளர்ச்சியின்போது பெண்ணின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கையின் ஏற்பாடு, அது நோயன்று. முதிர்ந்த ஒருவரின் எலும்பில் உள்ள கனிமச் சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அந்த வேகமான வளர்ச்சியை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அந்தக் காலத்தில் காலை உணவை விட்டுவிடுகிற, பாலை வேண்டாம் என்கிற பெண், பின்னாளில் ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தேடிக்கொள்கிறாள். மாதவிலக்குத் தொடங்கிய பிறகு இரும்புச்சத்தும் மிகுதியாக வேண்டும். அது குறைந்தால் சோகை வரும். சோகை வந்தால் வகுப்பில் கவனம் நிற்காது. "பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை போய்விட்டது" என்று நாம் கடிந்துகொள்வோம். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இல்லாமற்போனது காலைச் சாப்பாடு.

நேயர்களே! நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் உணவு போதாமல் மெலிந்தார்கள். வயிறார ஒரு வேளை சாப்பிட வழியில்லையே என்று தாய்மார் கண்ணீர் விட்டார்கள். அந்தக் காலத்தைக் கடந்து வருவதற்கு நம் சமுதாயம் எத்தனை பாடுபட்டிருக்கிறது! இன்று சோறு முன்னால் இருக்க, ஒரு படத்தை நினைத்துக்கொண்டு பேத்தி பட்டினி கிடப்பதை நாம் கண்டும் காணாமல் இருக்கலாமா?

அரசாங்கங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாட்டில் 2017 அக்டோபர் முதல், விளம்பரத்தில் வரும் மாதிரி அழகியரின் உடலைக் கணினியில் மெலியவோ பருக்கவோ செய்திருந்தால், அது திருத்தப்பட்ட படம் என்று குறிப்பிடவேண்டும் என்பது சட்டம். நார்வேயிலும் 2022 ஜூலையில் இத்தகைய விதி நடப்புக்கு வந்தது. 2021இல் வெளிவந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று, தம் உடலைப் பற்றி வருந்திய பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டகிராம் அந்த வருத்தத்தை மேலும் கூட்டியதாகச் சொன்னதைக் காட்டியது. சட்டங்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் சட்டம் விளம்பரப் பலகையைத் திருத்தலாம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது வராது. அங்கே காவல் நிற்கவேண்டியவர்கள் நாம்தாம்.

முதலாவது, நம் வாய்ச்சொல். திரை விதைப்பதற்கு நீர் ஊற்றுவது பெரும்பாலும் உறவினர் வாய்தான். "வெயிலில் விளையாடாதே, இன்னும் கறுத்துவிடுவாய்." "குண்டுப் பாப்பா." "எலும்பும் தோலுமாய் ஒட்டடைக்குச்சி." இவற்றை நாம் செல்லமாகச் சொல்கிறோம். பிள்ளையோ அதைத் தன் உடலைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. வெயிலில் விளையாடவேண்டாம் என்றால் நடுப்பகல் வெயில் உடலுக்கு ஆகாது என்று காரணம் சொல்லுங்கள். நிறத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். இரண்டு பிள்ளைகளுள் சிவந்தவளை மட்டும் விருந்தினர் முன் அழைத்து நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். ஆண்டு விழா நடனத்தில் நிறத்தைப் பார்த்து முன்வரிசை பிரித்தால், பாடநூலில் நாம் கற்பிக்கும் சமத்துவம் அத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, தாய்மார் தங்களைப் பற்றிப் பேசும் பேச்சு. கண்ணாடியின் முன் நின்று, "நான் எவ்வளவு அசிங்கமாகிவிட்டேன்" என்று தாய் சொல்லும்போது, அவள் சாயலில் பிறந்த மகள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொல் மகளுக்கும் சேர்த்துச் சொன்ன சொல்லாகிவிடுகிறது.

மூன்றாவது, பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பார்க்காதே என்று பிடுங்கினால் மறைவாகப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்து சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படத்தை எடுத்தவர் யார்? இதைப் பார்க்கும் நம்மிடம் அவர் எதை விற்க நினைக்கிறார்? இதில் யாரைக் காட்டவில்லை? இதைப் பார்த்து முடித்தபின் உன் மனம் மகிழ்ந்ததா, சோர்ந்ததா? நம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் நாளிதழ் விளம்பரங்களைக் கொடுத்து இக்கேள்விகளைக் கேட்டபோது, அவர்கள் தந்த விடைகள் பெரியவர்களையே வியக்கவைத்தன. "டீச்சர், இந்த அக்காவுக்கு மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை, சிரித்தால் கோடு விழவேண்டுமே" என்றாள் ஒரு மாணவி. கண் திறந்த பிள்ளையை விளம்பரத்தால் எளிதில் ஏமாற்ற முடியாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இன்ஸ்டகிராம் போன்ற தளங்களே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை என்று விதி வைத்துள்ளன. அந்த விதியை வீட்டிலிருந்துகொண்டே நாமே மீறச் சொல்லிக்கொடுக்கக்கூடாது.

நான்காவது, உடல் செய்யும் வேலையைப் பாராட்டுங்கள். ஓட்டத்தில் வென்ற கால், கோலமிட்ட விரல், தம்பியைத் தூக்கிச் சுமந்த தோள், தேவாரம் பாடிய குரல் என்று எத்தனையோ இருக்கின்றன. அழகாக இருக்கிறாய் என்று சொல்வதில் தவறில்லை. அது ஒன்றையே சொன்னால், அது போய்விட்டால் தனக்கு வேறு மதிப்பு இல்லை என்று பிள்ளை எண்ணும்.

ஐந்தாவது, அறிகுறிகளைக் கவனியுங்கள். தொடர்ந்து உணவைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குச் சென்று கதவைத் தாழிட்டுக்கொள்வது, சில மாதங்களில் எடை வெகுவாகக் குறைவது, மாதவிலக்கு நின்றுபோவது, யாரோடும் சேர்ந்து உண்ண மறுப்பது ஆகியவை வெறும் பிடிவாதம் அல்ல. இவை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முற்றினால் உயிருக்கும் ஆபத்தாகலாம். அடித்தும் அதட்டியும் இதைத் தீர்க்க முடியாது. அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் கூறுங்கள். பள்ளியில் வழிகாட்டி ஆசிரியரிடம் பேசுங்கள். இதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்பார்கள். காக்கை அதைத் தன் குஞ்சுக்குத் தெரியும்படி நடந்துகொள்கிறது. நாமும் அப்படி நடந்துகொள்ளவேண்டும். பிள்ளையின் கையில் யாராவது ஓர் அளவுகோலைக் கொடுக்கத்தான் போகிறார்கள். விற்பவர் கொடுப்பதற்கு முன்னால் பெற்றவர் கொடுத்துவிடுவது நல்லது.

நேயர்களே, இந்த உரையை நீங்கள் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பேசுகின்ற நாம் உயரமா குட்டையா, கறுப்பா சிவப்பா என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லும் செய்தி பயனுடையதா என்பதை மட்டுமே எடைபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இன்று மாலை உங்கள் பிள்ளை பேசும்போதும் சற்று நேரம் அவ்வாறே கேட்டுப் பாருங்கள்.